கேமரா பக்கம் திரும்பிய தலை

அட்லஸ் மலைத்தொடரில் நடந்த சைக்கிள் பந்தயத்தின் புகைப்படக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுப்பவர் மஹ்ஜூப். புகைப்படக்காரி இத்தோ எடுத்த படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“சைக்கிள் அந்தரத்துல நிக்குது. தூசி, வெளிச்சம் எல்லாம் அபாரம். ஆனா ஓட்டுறவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பாதையை விட்டுட்டு உன் கேமராவுக்குப் போஸ் கொடுக்கிறானே! இதென்ன கல்யாண போட்டோவா? வேற படம் கொடும்மா.”

“எல்லாப் படத்திலயும் அப்படித்தான் இருக்கும், உஸ்தாத். அவன் பாதையைத்தான் பார்க்கிறான். என் தம்பிக்கு வலது கண் தெரியாது. இப்படி, நான் நின்ன வலப்பக்கம் தலையைத் திருப்பினாத்தான் இடது கண்ணுக்குப் பாதை முழுசாத் தெரியும்.”

மஹ்ஜூப் உருகிப்போனார். “அடடா! இதைப் படத்துக்குக் கீழே எழுதிடுவோம். பார்க்கிறவங்க அழுதுடுவாங்க.”

“எழுதினா படத்தைக் கழற்றி எடுத்துட்டுப் போயிடுவேன்,” என்றாள் இத்தோ. “பந்தயத்துல அவன்தான் முதல்ல வந்தான். அதை எழுதுங்க.”