முடிக்கும் பார்வை

இரவுப் பேட்டி நிகழ்ச்சியின் இசைக்குழுவை ஜெபநேசன் ஒன்பது வருடமாக நடத்திவந்தார். கீபோர்டிலிருந்து அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும், டிரம்ஸ் வாசிக்கும் லூர்துவுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்பது புரிந்துவிடும். அன்று மாலை குழுவில் ஒருவரைக் குறைக்கவேண்டும் என்று சேனல்காரர்கள் ஜெபநேசனிடம் பெயர் கேட்டார்கள். டிரம்ஸை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்லிவிட்டார்.

நிகழ்ச்சி முழுக்க அவர் லூர்து பக்கம் திரும்பவேயில்லை. தொகுப்பாளரின் ஒவ்வொரு ஜோக்குக்கும் டிரம்ஸ் பிந்தியே விழுந்தது. கடைசிப் பாட்டை முடிக்கவேண்டிய இடத்திலும் அவர் குனிந்தே இருந்ததால், பாட்டு மறுபடி பல்லவிக்குப் போனது. விருந்தினர்கள் எழுந்து போய்விட்டார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லூர்து வாசித்துக்கொண்டே இருந்தான்.

வேறு வழியில்லாமல் ஜெபநேசன் திரும்பினார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் லூர்துவின் கைகள் நின்றன.

"என்னை நிறுத்திட்டாங்களாண்ணே?"

"ஆமாப்பா. ஒரு ஆளைக் குறைக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க."

"என் பேரையும் அவங்கதான் சொன்னாங்களா?"

ஜெபநேசன் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, கையில் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்த பிறகும் லூர்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.