நடுமாடிக் கதவு

“அந்தப் பொம்பளைக்குக் கொழுப்பு” என்றார் அதெலினோ. ஒரே போன் பேச்சில் இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறார். மறுமுனையில் வீட்டுத் தரகர் பெருமூச்சு விட்டார்.

நியூஜெர்சியில் அதெலினோவுக்குச் சொந்தமாக, மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு ஒன்று உண்டு. விற்க வேண்டுமென்றால் நகராட்சியின் ஆய்வுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு குடித்தனத்துக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கதவு திறக்காவிட்டாலும் போச்சு, அடுத்த தேதிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கீழ்வீடு பாஸ். மேல்வீடு பாஸ். நடுமாடி நில்டா மட்டும் இரண்டு தடவையும் கதவைத் திறக்கவில்லை. முதல் தடவை, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் டபுள் ஷிப்ட் என்று போனில் சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை பதிலே இல்லை. ஆனால் உள்ளே யாரோ இருமுவது கேட்டது. டிவியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஹாலரன் அம்மாள் கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டை வாங்க வந்தவருக்கு வங்கி ஒப்புக்கொண்ட குறைந்த வட்டி வெள்ளிக்கிழமை வரைதான். அதற்குள் சான்றிதழ் வராவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்வாராம். அதெலினோவுக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் இரண்டும் போயாச்சு, இனி ஒரு குளிர்காலம் பனி வாரிக் கொட்ட முடியாது. ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன வீட்டைப் பேசி முடித்து, மனைவி ஜன்னல் திரைகூடத் தைத்து வைத்துவிட்டாள். இந்த விற்பனை நின்றால் அந்த வீடும் கை நழுவிப் போய்விடும்.

இத்தனைக்கும் அவர் தம் பக்கம் ஒரு குறை வைக்கவில்லை. புகை அலாரம் புதிது, படிக்கட்டுக் கைப்பிடி புதிது. பேஸ்மென்ட்டில் அபீலியோ என்றொரு கிழவர் குடியிருந்தார். ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட்டில் ஆளைக் குடிவைப்பது சட்டப்படி தப்பு. அதனால் ஆய்வுக்கு முன்னாலேயே, ஒரு வாரக் கெடு கொடுத்துப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்க நேரமில்லை, வெள்ளையடிக்கிற ஆள் வந்துவிட்டான். அடுப்பைக் கழற்றி, கிறிஸ்துமஸ் சாமான்களை அடுக்கி, முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்தாயிற்று. முதல் தடவையே பேஸ்மென்ட் பாஸ்.

புதன்கிழமை நில்டாவிடமே நேரில் பேசிப் பார்க்கப் போனார். வெறுங்கையோடு போகாமல் போர்ச்சுகல்காரர் பேக்கரியில் ஒரு பெட்டி முட்டை கேக் வாங்கிக்கொண்டார். கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது. கேக் உள்ளே போயிற்று. அவரால் போக முடியவில்லை.

“செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்க சார். நானே கதவை அகலத் திறந்து விடுறேன்.”

“நான் வெள்ளிங்கிறேன், நீ செவ்வாய்ங்கிறே. பணம் ஏதாவது எதிர்பார்க்கிறியா? இருந்தா வெளிப்படையா சொல்லிடு.”

“பணமெல்லாம் வேணாம். செவ்வாய்க்கிழமை.”

கதவு சாத்திக்கொண்டது. ஒன்பது வருஷம் வாடகைக்கு விட்டதற்கு இதுதான் நன்றியா என்று படியிறங்கும்போது முழங்காலோடு சேர்ந்து மனசும் வலித்தது அவருக்கு.

நகராட்சியில் கெஞ்சிக் கூத்தாடி, யாரோ ரத்துசெய்த வியாழக்கிழமை காலை ஆய்வு நேரத்தை வாங்கிவிட்டார். நில்டா சம்மதித்துவிட்டாளா என்று ஹாலரன் வாசலில் வைத்துக் கேட்டார். அதெலினோ கண்ணிமைக்காமல் ஆமாம் என்றார். தம்மிடம் இருந்த சாவியைப் போட்டுத் திருகும்போது, நைட் ஷிப்ட் முடிந்து ரொட்டிப் பையோடு நில்டா படியேறி வந்தாள்.

“சார், வேணாம்” என்றாள்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது.

கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில். அதில் வீங்கிய காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, மடியில் கேக் பெட்டியோடு பேஸ்மென்ட் கிழவர் அபீலியோ உட்கார்ந்திருந்தார்.

அதெலினோ சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டார்.

ஹாலரன் கட்டிலைக் கண்டுகொள்ளவே இல்லை. புகை அலாரத்தை அமுக்கிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். ஜன்னலை ஏற்றி இறக்கினார். எல்லாம் சரி. கையெழுத்துப் போடும்போதுதான், ஒரு மரியாதைக்குக் கிழவரைக் கேட்டார்.

“இங்கயேதான் குடியிருக்கீங்களாய்யா?”

“இல்லம்மா, மூணு வாரமா விருந்தாளி. முதியோர் குடியிருப்புல எனக்கு ரூம் தராங்க, திங்கக்கிழமை போறேன்.”

“அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?”

அதெலினோ கண்ணாலேயே கெஞ்சினார். கிழவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

“கீழ பேஸ்மென்ட்லதான், பதினோரு வருஷம். நம்ம அதெலினோ தங்கமான மனுஷன்மா. ஒரு தடவைகூட வாடகை ஏத்தினதில்ல.”

ஹாலரன் போட வந்த கையெழுத்தைப் போடவில்லை. பையிலிருந்து புதிதாக ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, பேஸ்மென்ட்டை இன்னொரு தடவை பார்த்துவிடுவதாகச் சொல்லிக் கீழே இறங்கினார்.

கிழவர் ஒரு கேக்கை எடுத்து அதெலினோவிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை.

நில்டா ரொட்டிப் பையை மேஜைமேல் வைத்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, தூக்கம்தான் இருந்தது.

“அவருக்குப் பொய் சொல்ல வராது சார். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிடுவார். அதான் அவர் போனப்புறம் செவ்வாய்க்கிழமை வாங்கன்னேன்” என்றாள். “மூணு வாரமா இந்தக் கதவைச் சாத்தி நான் காப்பாத்தினது உங்களைத்தான்.”