ஆறு மணிக்குள் சாப்பாடு

"இன்னொரு ஒன்றரை இஞ்ச் பிடிச்சிடுங்கக்கா" என்று கணவனின் பேன்ட்டை என் தையல் மேசைமேல் விரித்தாள் அவள்.

நான்கு மாதத்தில் இது நான்காவது தடவை. மதிய இடைவேளையில், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, மூச்சு வாங்க வந்திருந்தாள். முகத்தில் பெருமை வழிந்தது.

பேன்ட்டோடு இரண்டு சட்டைகளும் இருந்தன.

"எல்லாம் நேரம்தான்க்கா. என்ன சாப்பிடறோம்கிறது ரெண்டாம்பட்சம், எப்ப சாப்பிடறோம்கிறதுதான் விஷயம். காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். அதுக்கு மேல வெறும் தண்ணிதான். ஏழு மணிக்கு நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சிடுவாரு."

இந்தப் பாடத்தை எனக்கு யாரும் நடத்த வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் நானே இதை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் இன்னமும் இந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

பேன்ட்டைத் திருப்பினேன். உள்பக்கம் மூன்று தையல் கோடுகள். மூன்றும் என் கைதான்.

பிடித்த துணியை நான் வெட்டுவதில்லை. இளைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றே மாதத்தில் அசடு வழியத் திரும்பி வருவார்கள், பிரித்து விடச் சொல்லி. அவர்களுக்காக மிச்சத்தை உள்ளேயே மடித்து வைத்திருப்பேன்.

"அந்த மிச்சத் துணிய இந்தத் தடவை வெட்டி எறிஞ்சிடுங்க" என்றாள். "இனிமே அவருக்கு அது தேவைப்படாது."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"சட்டைக்கு என்ன?"

"தோள் ரெண்டு பக்கமும் கீழ இறங்கித் தொங்குதுக்கா. காலருக்குள்ள மூணு விரல் போகுது."

இருபது வருடமாக இளைத்தவர்களைப் பார்க்கிறேன். வயிறு வற்றும், இடுப்பு குறையும். நாலே மாதத்தில் தோள் இறங்கியவரை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒருவரைத் தவிர.

ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த வெளிர்நீலச் சட்டை மின்விசிறிக் காற்றில் ஆடியது. எட்டு வருடமாக அங்கேதான் தொங்குகிறது. யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க மறந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. வேலை நடுவே நிமிர்ந்தால், எதிரே ஒரு ஆள் நின்று என் கையையே பார்ப்பதுபோல இருக்கும். சில நாள் நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறேன்.

அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"ஒரு வேடிக்கை தெரியுமாக்கா? அவர் இளைக்க இளைக்க, எங்க பின்வாசலுக்கு வர்ற பூனை குண்டாயிட்டே போகுது. வீட்ல யாராவது ஒருத்தர் சதை போடணும்ல!"

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுந்துபோய் நீலச் சட்டையைக் கழற்றினேன். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, அவள் கொண்டுவந்த துணிகளின்மேல் போட்டேன். விலாப் பக்கத்தில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஆறு தையல் கோடுகள்.

"அடேயப்பா, இவரும் நம்ம கட்சிதானா?" விரல் வைத்து எண்ணினாள். "யாரோடதுக்கா?"

"எங்க வீட்டுக்காரரோடது."

அவரும் ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிடுவார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது தட்டு கழுவிக் கவிழ்த்தியிருக்கும், ஈரம்கூடக் காய்ந்திருக்காது. எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று பூரித்துப்போவேன். இப்போதும் சமையலறைக் குழாய் சொட்டினால் திரும்பிப் பார்க்கிறேன்.

மாதம் தவறாமல் சட்டையைப் பிடித்துக் கொடுத்தேன். என் தையல் அவ்வளவு சுத்தம். எத்தனை இளைத்தாலும் அன்றைக்குத்தான் அளவெடுத்துத் தைத்ததுபோல உடம்பில் உட்கார்ந்தது. அவர் உருகிக்கொண்டிருந்தது தெருவில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை. பட்டிருக்க வேண்டும். அதற்காக என்னை நான் மன்னிக்கவே இல்லை.

நோய் முற்றி அவர் கண்ணை மூடுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

அதே கேள்வியை அவளிடம் கேட்டேன்.

"அவர் சாப்பிடறத நீ கடைசியா எப்பம்மா பார்த்தே?"

சிரித்த முகம் அப்படியே இருந்தது. கண் மட்டும் எங்கோ பின்னால் போய்த் தேடியது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படியில்தான் உட்காருவார் என்று மெதுவாகச் சொன்னாள். காற்று வருமாம்.

அவள் துணிகளை மடித்தேன். ஒரு தையல்கூடப் போடாமல் பையில் வைத்து அவள் கையில் கொடுத்தேன். சுவரில் மணி ஒன்றேகால்.

"இதை நான் பிடிக்கமாட்டேன். ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு நேரா வீட்டுக்குப் போ. அவர் தட்டை எடுக்கும்போது எதிர்ல உட்காரு. எழுந்திரிக்காதே."

"நீங்க வேற, பயமுறுத்தாதீங்கக்கா" என்றாள். "செஞ்சு வெச்சுட்டுப் போற பாத்திரம் தினமும் காலியாத்தானே இருக்கு?"

"எங்க வீட்லயும் காலியாத்தாம்மா இருந்துச்சு" என்றேன். "எங்க பின்வாசலுக்கு வந்தது நாய்."