முதல் ஸ்பூன்

கருவுற்றதும் மலர்க்கொடி கைபேசியில் ஓர் உணவுச் செயலியை ஏற்றிக்கொண்டாள். தட்டைப் படமெடுத்து அனுப்பினால் எதைக் கூட்டணும், எதைக் குறைக்கணும் என்று அது சொல்லும். ஏழாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஊருக்கெல்லாம் தெரிந்தது, செயலிக்கு யாரும் சொல்லவில்லை. குறித்த தேதி கடந்ததும் அது வாழ்த்துச் சொல்லி, பால் சுரக்கப் பூண்டு சேர்க்கச் சொன்னது. சேர்த்தாள்.

"அதை அழிச்சிடும்மா," என்றான் கணவன் சேந்தன்.

"அதுக்கு மட்டும்தாங்க இன்னும் தெரியாது. இருந்துட்டுப் போகட்டும்."



ஆறு மாதம் கழித்து ஒரு காலை, இனி கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம் என்றது செயலி. அவள் ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்துக் காய்ச்சினாள். இன்றோடு அழித்துவிடும் முடிவோடு சேந்தன் அடுக்களைக்குள் போய்க் கைபேசியை எடுத்தான். திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது: 'முதல் ஸ்பூனைக் குழந்தை துப்பத்தான் செய்யும். பதறாமல் மறுபடி கொடுங்கள்.'

மலர்க்கொடி முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவளுடைய இடது தோளில், புடவைமேல் கூழ் வழிந்திருந்தது. அவன் ஈரத்துணியால் துடைத்தான். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"எங்கிட்ட வாங்க மாட்டேங்குது," என்று திரும்பாமலே ஸ்பூனை நீட்டினாள். "நீங்க குடுத்துப் பாருங்க."

சேந்தன் வாங்கிக்கொண்டான்.