சேகருக்கு ஒரு காப்பி

காப்பிக் கடையில் பெயர் கேட்கும்போதெல்லாம் வைத்தமாநிதி ‘சேகர்’ என்றுதான் சொல்வான். சொந்தப் பெயரைச் சொன்னால் கோப்பையில் எழுதும் பெண் இரண்டு முறை கேட்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். ஒரு காப்பி முந்நூறு ரூபாயைத் தொட்டதும், இனி கட்டுப்படியாகாது என்று எஸ்பிரெஸோ மெஷினை வீட்டுக்கே வாங்கி வந்தான். கடை மாதிரியே இருக்கட்டுமே என்று அவன் மனைவி மைதிலி, தினமும் காலையில் பால் நுரையை ஊற்றி முடித்ததும் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: “சேகர், உங்க காப்பி ரெடி.” அவன் சிரித்துக்கொண்டே போய் வாங்கிக்கொள்வான். எட்டு மாதம் இப்படியே போனது.

நேற்று அவள் கூப்பிட்டபோது அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். அவன் வாய் திறப்பதற்குள் ஹாலிலிருந்து யாரோ “இதோ வரேன்” என்றார்கள். கன்னத்துச் சோப்பைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தான். ஹாலில் யாரும் இல்லை. மைதிலி காலிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்ன இன்னைக்கு, புதுசா ரெண்டு சர்க்கரை?” என்றாள், திரும்பாமலே. அவன் சர்க்கரை போட்டுக்கொள்வதே இல்லை.

இன்று விடிந்ததிலிருந்தே மெஷின் பக்கத்தில் நின்றான். அவள் நுரையை ஊற்றி முடித்ததும், “என் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடு” என்றான்.

மைதிலி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்: “சொல்லுங்க சார், என்ன பேர்?”

சொன்னான். அவள் இன்னொரு முறை கேட்டாள். அவனுக்குப் பின்னால் யாரோ பொறுமையில்லாமல் தொண்டையைச் செருமினார்கள்.