வாலை நறுக்கியவன்

"வெறும் எண்டரைத் தட்டி அனுப்புற பிரகிருதிகளும் இருக்காங்க சார்!" என்று சிரித்தாள் குண்டூசி. யார் எழுதிய கணினி நிரலிலும் ஓட்டை கண்டுபிடிப்பவள் என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது.

நிரலை எழுதிய அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய அரட்டைச் செயலியில், செய்தியை அனுப்ப எண்டர் தட்டினால், அந்த எண்டரும் செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் ஒரு வெற்று வரி பல்லிளிக்கும். முதலாளி ஒரு வாரமாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாலை நறுக்கிட்டேன்," என்றான். "கடைசியில எத்தனை வரி காலியா இருந்தாலும் இனி போகாது."

"நறுக்கின பிறகு மிச்சம் ஒண்ணுமே இல்லைன்னா?"

"அனுப்பவே அனுப்பாது. குப்பை."

"போகலைன்னு அனுப்பினவங்களுக்காவது சொல்ல வேண்டாமா?"

"காலி டப்பாவுக்கு ரசீது வேறயா? போம்மா, வேலையைப் பாரு."

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. அக்கா. வழக்கம்போல வெட்டிவிட்டான்.

"எடுங்களேன் சார், அவசரமோ என்னவோ."

"அப்பா புராணமாத்தான் இருக்கும். அவரு படுத்ததிலேர்ந்து தினமும் இதே பாட்டு."

அன்று மாலையே திருத்தம் எல்லோருடைய செயலிக்கும் போய்ச் சேர்ந்தது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மதியம் அக்கா மறுபடி அழைத்தாள். மனசு லேசாக இருந்ததால் எடுத்தான்.

"அப்பா போயிட்டாருடா." அழுகை வற்றிப்போன குரல்.

"எப்படிக்கா? நீ பக்கத்துல இல்லையா?"

"நான் வேலைக்குப் போகலைன்னா வீடு எப்படி ஓடும்? தனியாக் கிடந்து, மூச்சு முட்டி..."

"உன்னைக் கூப்பிட ஒரு வழிகூட வெக்காமலா விட்டுட்டுப் போனே?" அவன் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெச்சிருந்தேன். பேச்சும் போயி, கையும் போயி, ஒரு விரல்தான் அசைஞ்சுது. அதைச் சொல்லத்தான் அத்தனை தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கலை. மடியில கீபோர்டை வெச்சிட்டுப் போவேன். முடியலைன்னா எண்டரைத் தட்டுவாரு. எனக்கு வெறும் மெசேஜ் வரும், அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்துடுவேன். இன்னைக்கு வரவே இல்லைடா. வந்து பாத்தா, விரல் அந்தக் கீ மேலேயே விறைச்சுப் போயிருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தம்பி பண்ணின ஆப்னுதானேடா அதை நம்பினேன்."