பினாயில் ஊற்றிய கீரை

"எவன்டா ஊத்துனது? தைரியம் இருந்தா வெளிய வாங்கடா!"

காசிநாதன் போட்ட சத்தத்தில் ஸ்ரீரங்கத்தின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மாடி ஷெட்டில் அவன் வளர்த்த பீட்ரூட் மைக்ரோகிரீன்ஸ். விரல் நீளத்துக்குச் சிவப்புத் தண்டும் உச்சியில் இரண்டு குட்டி இலையுமாய், அறுக்கிற பதத்தில் நின்ற கீரை. காந்தி மார்க்கெட் போய் பேக்கிங் டப்பா வாங்கிக்கொண்டு வருவதற்குள், ட்ரே ட்ரேயாகக் குப்பைத்தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு மேல் பினாயில் வேறு.

"சாயங்காலம் சமயபுரம் ரோட்டு மண்டபத்துல ரிசப்ஷன். சாலட்டுக்கு நம்ம கீரைதான்னு வாக்கு கொடுத்திருக்கேன். இப்ப நான் என்னங்க பண்ணுவேன்?" அழுதுவிடுவான் போலிருந்தது.

"வளர்ந்து நிக்கிற பயிர்ல பினாயில் ஊத்த எப்படித்தான் மனசு வந்துச்சோ! அந்தக் கை விளங்குமா?" என்றாள் எதிர்வீட்டு விஜயராணி.

காசிநாதனின் பார்வை கீழ்வீட்டு முருகானந்தத்தின் மேல் போய் நின்றது. ட்ரேயிலிருந்து துணி மேலே தண்ணி சொட்டுது என்று போன வாரம்தான் சண்டை போட்டிருந்தார்.

"நீங்கதானே?" சட்டையைப் பிடித்துவிட்டான்.

"கையை எடுங்க. சண்டைன்னா மூஞ்சிக்கு நேரா போடுவேன். இந்தத் திருட்டு வேலை எனக்குத் தெரியாது."

"பொய்!" காசிநாதன் கையை ஓங்கினான்.

"அவரை விடுங்க. ஊத்துனது நான்தான்."

மாடிப்படியில் அவன் மனைவி பூரணி. கையில் காலி பினாயில் பாட்டில்.

விஜயராணிதான் முதலில் சுதாரித்தாள்.

"ஏம்மா, கட்டுன புருஷன் பொழப்புலயா மண்ணள்ளிப் போடுவே? பைத்தியமா உனக்கு?"

"ஏன் ஊத்துனேன்னு அவரையே கேளுங்கக்கா."

காசிநாதன் முருகானந்தத்தின் சட்டையை விட்டான். குரல் சட்டென்று இறங்கியது. "உள்ள வா பூரணி. வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

"ஏன், இவ்வளவு நேரம் தெருவுல நின்னுதானே கத்துனீங்க?" பூரணி பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு வாசலுக்கே இறங்கி வந்தாள். "சாப்பிடுற கீரைக்குன்னு தனியா விக்கிற விதை கிடைக்கலையாம்க்கா. வயல்ல விதைக்கிறதுக்கு விஷ மருந்து தடவி வர்ற விதையைப் போட்டு வளர்த்திருக்காரு. எனக்கே காலையிலதான் தெரியும்."

"நல்லா அலசிட்டுத்தான்டி போட்டேன்! அதெல்லாம் யாருக்கும் ஒண்ணும் ஆகாது!"

"ஒண்ணும் ஆகாதா? காலையில நம்ம பாப்பா ஒரு கிள்ளு கிள்ளி வாயில போட்டதும், விரலை விட்டுத் தோண்டி எடுத்து, கொப்பளி கொப்பளின்னு பதறினீங்களே... சாயங்காலம் அந்த மண்டபத்துக்கு வர்ற புள்ளைங்க வாயில யாருங்க விரலை விட்டுத் தோண்டுவாங்க?"